இரண்டரை லட்சத்தில் ஒரு ராஜா வண்டி!

'உனக்குப் பிடிக்காதவன் யாராவது இருந்தால் அவனுக்கு ஒரு பழைய ஜீப்பை இனாமாகக் கொடுத்துவிடு. மீதியை ஜீப் பார்த்துக்கொள்ளும்' என்பார் எங்கள் ஆபீஸ் கேஷியர். ஒரு காலத்தில் அவரிடமும் ஒரு ஜீப் இருந்ததாம். அதனால்தான் இன்னமும் வாடகை வீட்டில் இருக்கிறார் என்று பின்னால் பேசிக்கொள்வார்கள்.

அப்படியும் நான் ஒன்று வாங்கினேன். ஆசைக்காக அல்ல, என் தாய்மாமனுக்காக!

மாமா அரசு பஸ் டெப்போவில் முப்பத்து நாலு வருஷம் மெக்கானிக். இன்ஜின் சத்தத்தை வைத்தே 'மூணாவது நாசில் ஒழுகுது' என்று சொல்லக்கூடிய ஆள். ரிட்டயரான மறு வருஷமே அத்தை போய்விட்டாள். மகன் சிங்கப்பூரில். திருவள்ளூருக்குப் பக்கத்தில் சொந்த வீடு, பின்னால் தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் துருப்பிடிக்கும் ஸ்பேனர்கள், திண்ணையில் மாமா. ஒரு வேளை சமைத்தால் இரண்டு நாள் அதையே சாப்பிடுவார். போன் செய்தால், 'ம்... இருக்கேன்' என்று ஒரே பதில்.

"அவருக்கு வியாதி எதுவும் இல்லீங்க. கைக்கு வேலை இல்லை, அதான்" என்றாள் என் மனைவி. டாக்டருக்கே தோன்றாதது அவளுக்குத் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் மூன்று லட்ச ரூபாய் சீட்டு எடுத்தோம். தள்ளு போகக் கைக்கு வந்தது 2,50,000. பெரியவளின் காலேஜுக்கு என்று சேர்த்த பணம். ஒரு பழைய பிக்கப் வாங்கி, மாமாவை விட்டு ரெடி செய்தால் என்ன என்று மெல்ல ஆரம்பித்தேன். வீட்டில் சட்டசபையே கூடியது. கடைசியில் இரண்டு நிபந்தனைகளோடு மசோதா நிறைவேறியது. ஒன்று, இரண்டரை லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் கூடாது. இரண்டு, 2024 ஜூனில் காலேஜ் திறக்கும்போது பணம் பணமாகவே திரும்பி வரவேண்டும்.

"வரலேன்னா?" என்றேன்.

"வரலேன்னா வண்டியிலேயே குடித்தனம் பண்ணுங்க" என்றாள்.

முதலில் புத்தகம், பிறகு வண்டி!

பிக்கப் என்பது பணக்காரர் வீட்டு விளையாட்டுச் சாமான் இல்லை ஸார், விவசாயிக்குப் பிறந்த பிள்ளை. 1925-ல் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி தன் 'மாடல் டி' காரின் முதுகில் ஒரு தகரப் பெட்டியை வைத்து 281 டாலருக்கு விற்றது. தொழிற்சாலையிலிருந்தே பிக்கப்பாக வந்த முதல் வண்டி என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினாராம்: 'ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும்' என்று. லூயிஸ் பாண்ட் என்ற இளம் இன்ஜினீயர் அதற்காக வரைந்து கொடுத்ததுதான் 1934-ல் வந்த 'யூட்'. வீட்டுக்காரம்மா பேச்சைக் கேட்டால் கம்பெனியும் உருப்படும் போலிருக்கிறது!

அமெரிக்காவில் 1948 ஃபோர்டு, 1950 செவர்லே என்று பழைய பிக்கப்பைத் தேடிப் பிடித்து மாற்றிக் கட்டுவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. நமக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. நம் ஊரில் நம் பட்ஜெட்டுக்கு வாகான ஆசாமி, மஹிந்திரா ஜீப்தான்.

அதற்கும் ஒரு கதை உண்டு. 1945-ல் 'மஹிந்திரா அண்டு முகம்மது' என்று இரும்பு வியாபாரத்துக்காக ஆரம்பித்த கம்பெனி அது. பிரிவினைக்குப் பிறகு பங்காளி குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆகிவிட, 1948-ல் 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' என்று பெயர் மாறியது. அந்தக் கம்பெனிதான் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தது. நம் ஊர் ஜீப் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதே, ஏன் தெரியுமா? வில்லிஸ் கம்பெனியின் புது இன்ஜின் பழசை விட உயரம். மூடி இடித்தது. பார்த்தார்கள், மூடியையே உயர்த்திவிட்டார்கள். 1953-ல் வந்த அந்த சி.ஜே.3பி மாடலின் மூக்குதான் நம் ஊரிலும் பல வருஷம் ஓடியது.

2023 பொங்கல் கழிந்ததும் மாமாவைக் கூட்டிக்கொண்டு வண்டி பார்க்கக் கிளம்பினேன். முதல் நாள் மூன்று வண்டி பார்த்தோம். ஒன்றைக்கூட மாமா தொடவில்லை. "ஆர்.சி. புக்கை எடுங்க" என்பார். பார்ப்பார். "வா மாப்ள, போலாம்" என்பார்.

காரணம் இதுதான். சாதாரண ஜீப்பை வாங்கிப் பின்பக்கத்தை அறுத்துப் பிக்கப் ஆக்கிவிடலாம் என்று பல இளைஞர்கள் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அடித்துச் சொல்லிவிட்டது. இன்ஜின் மாற்றுவது போன்றவற்றுக்கும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். ஆகவே, ஆர்.சி.யிலேயே 'பிக்கப்' என்று எழுதியிருக்கிற வண்டியைத் தேடு என்பது மாமாவின் கட்சி.

"விண்டேஜ் வண்டின்னு ரிஜிஸ்டர் பண்ணா?" என்று கேட்டேன். 2021-ல் வந்த அந்த விதி, 50 வயது தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு மட்டும். அதையும் தினசரி ஓட்டக்கூடாது, வாடகைக்கும் விடக்கூடாது. கண்காட்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தலாம். நமக்கு வேண்டியது கத்தரிக்காய் ஏற்றுகிற வண்டி!

ஏழாவதாகப் பார்த்ததுதான் எங்கள் வண்டி. 1988 மாடல், நீள சேஸிஸ், டீசல். பின்னால் உள்ளூரில் கட்டிய பாடி. ஆர்.சி.யில் 'பிக்கப்'. ஆறு வருஷமாக ஒரு செங்கல் சூளையில் கோழிகளுக்கு வாடகை இல்லாத வீடாக இருந்தது. கோழிகளைக் கிளப்பிவிட்டு மாமா கீழே படுத்தார். சேஸிஸை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுத்தியலால் தட்டினார். 'டங்... டங்...' என்றால் இரும்பு, 'டொப்' என்றால் துரு. ஒரே ஒரு இடத்தில்தான் 'டொப்' கேட்டது.

எழுந்து வந்தபோது மாமாவின் சட்டை முழுக்கக் கோழி எச்சம். ஆனால் முகம்...! அத்தை போனதற்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை.

1,10,000 சொன்னார்கள். 85,000-ல் முடிந்தது.

கொட்டகையில் ஒன்பது மாதம்

இன்ஜின் பெயர் எக்ஸ்.டி.பி. 4.90. பிரெஞ்சுக்காரர்களான பெஷோ குடும்பத்து வாரிசு. 4 என்றால் நாலு சிலிண்டர், 90 என்றால் ஒவ்வொன்றின் குறுக்களவும் 90 மில்லி மீட்டர். மொத்தம் 2,112 சி.சி. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. சாவியைத் திருப்பி ஹீட்டர் பிளக் சூடாகும் வரை பொறுத்து, அப்புறம் செல்ஃப் அடிக்க வேண்டும். "அவசரப்படறவனுக்கு இந்த வண்டி ஸ்டார்ட் ஆவாது" என்பார் மாமா.

புகையைப் படிக்கவும் சொல்லிக்கொடுத்தார். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, லைனரும் ரிங்கும் பார்க்கவேண்டும். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை, நாசிலையும் ஃபில்டரையும் பார். காலையில் மட்டும் வெள்ளைப் புகை என்றால் ஹீட்டர் பிளக்கைச் சந்தேகப்படு. சூடான பிறகும் வெள்ளையாக வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைக் கவனி.

சனி, ஞாயிறுகளில் நான் கையாள். மற்ற நாட்களில் மாமா தனியாக. சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டை. அங்கே ஒரு சந்தில் நுழைந்தால் ஸ்டியரிங் பாக்ஸ், அடுத்த சந்தில் கதவுக் கைப்பிடி! ஆனாலும் மாமா அங்கே ஒரு கோடு கிழித்திருந்தார். கதவு, லைட் கூடு, கண்ணாடி, சீட் எல்லாம் பழசு வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் மூட்டுகள், டயர், எரிபொருள் குழாய் ஆகியவை புதுசுதான். "உசுரு தொங்கற இடத்துல பழசு வாங்கக் கூடாது மாப்ள."

இடையில் ஒரு சோதனை. பம்ப் சர்வீஸுக்குக் கொடுத்த கடையில், 'நாளைக்கு ஸார்... நாளைக்கு ஸார்...' என்று ஆறு வாரம் இழுத்தடித்தார்கள். கடைசியில் மாமா ஒரு தூக்குச் சட்டியில் தயிர்சாதத்தோடு போய் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானத்துக்குள் பம்ப் கைக்கு வந்தது. (அகிம்சைக்கு இன்னமும் மவுசு இருக்கிறது!)

பின்பக்க மேடைக்கு இரும்புத் தகடு விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. பழைய வீடு இடிக்கிற இடத்தில் தேக்குச் சட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. அந்தக் காலத்து அமெரிக்கப் பிக்கப்புகளிலும் மரப்பலகைதான், நடுவே இரும்புப் பட்டை. பழைய மேடையின் அளவு ஓர் அங்குலம்கூட மாறாமல் பலகை அடித்தார் மாமா. முன்னால் பெரிய இரும்புக் கம்பி பம்பர் வைக்கலாமே என்றான் என் சித்தப்பா பையன். அதற்கும் தடை. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்று சொல்லியாகிவிட்டது.

கலர்? மாமா 'பஸ் பச்சை' என்றார். மகள், "தாத்தா, கிரீம் கலர் தாத்தா!" என்றாள். தாத்தா அப்பீலே போகவில்லை. கிரீம்!

இதோ கணக்கு. என் மனைவி நோட்டில் எழுதி வைத்தது, அப்படியே தருகிறேன்:

வண்டி - 85,000
இன்ஜின், பம்ப், நாசில் - 52,000
பிரேக், ஸ்டியரிங், பட்டை ஸ்பிரிங் - 19,000
டயர்கள் - 21,500
டிங்கரிங், வெல்டிங், பலகை - 26,500
பெயின்ட் - 9,500
வயரிங், பேட்டரி - 8,000
எஃப்.சி., இன்ஷூரன்ஸ், வரி - 28,000
ஆக மொத்தம் - 2,49,500

மிச்சம் 500 ரூபாய். அதில் 2023 ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய், எலுமிச்சை, மல்லிகைச் சரம், அரைக் கிலோ லட்டு!

கவனியுங்கள், மாமாவின் கூலி இதில் இல்லை. வெளியே கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு எங்கேயோ போயிருக்கும். கடைசி வரியையும் கவனியுங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வயது தாண்டினால் வருஷா வருஷம் எஃப்.சி. உண்டு. பழைய வண்டிகளுக்கான கட்டணத்தை அரசாங்கம் ஏற்றிக்கொண்டே வருகிறது. அதனால் வண்டி விலை பேசுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் அன்றைய கட்டணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதிப் பேர் வண்டியைக் கட்டி முடித்து, பேப்பருக்குப் பணமில்லாமல் கொட்டகையிலேயே வைத்துப் பூஜை செய்கிறார்கள்.

விற்பதா, வேண்டாமா?

வண்டி ஓடியது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களின் கத்தரி, வெண்டை, மல்லியெல்லாம் மாமாவின் பிக்கப்பில்தான் மார்க்கெட்டுக்குப் போயின. டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் நாலு பேர் செல்ஃபி எடுப்பார்கள். மாமா தலைமுடிக்குச் சாயம் அடித்துக்கொண்டதாகவும் தகவல் வந்தது.

2024 மே மாதம். காலேஜ் சீட் கிடைத்துவிட்டது. பணம் கட்டக் கடைசித் தேதியும் வந்துவிட்டது. ஒரு நர்சரிக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு 3,60,000 தருகிறேன் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மாமாவிடம் எப்படிச் சொல்வது? மறுபடி திண்ணையா? மறுபடி, 'ம்... இருக்கேன்' தானா?

மனைவிதான் போனை வாங்கினாள். "பெரியப்பா, நீங்க வேணாம்னா வேணாம். ஃபீஸுக்கு நகையை வெக்கிறேன்" என்றாள்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மாமா சொன்னார்: "நகையை ஏம்மா வெக்கிற? வண்டி கட்டினதே புள்ள படிப்புக் காசுல. அவளுக்குத்தான் முதல் பாத்தியதை. குடுத்துரு. படிவம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்கி, பேர் மாத்தற வரைக்கும் விடாத. அப்புறம் மாப்ளகிட்ட சொல்லு, செங்கல் சூளைக்காரர் சம்பந்தி வீட்ல இன்னொண்ணு நிக்குதாம். கதவு இல்லையாம். சேஸிஸ் டங்குன்னு இருக்குதாம்."

தட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் மனுஷர்!

இரண்டரை லட்சம் பேங்கில் போட்டாகிவிட்டது. மகள் காலேஜுக்குப் போகிறாள். மீதி 1,10,000 மாமாவின் கொட்டகையில் இரண்டாவது வண்டியாக நிற்கிறது. இந்தத் தடவை சட்டசபை கூடவில்லை, மசோதாவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் என் மனைவியிடமிருந்து வந்தது.

"ஏங்க, இதுக்காவது நான் சொல்ற கலர் அடிப்பீங்களா?"