ஏட்டில் தங்கிய நெல்

சீரகச்சம்பா என்னும் அரிசியின் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். விருந்து நாளில் பிரியாணி சமைக்க உங்கள் வீட்டிலும் அதனை வாங்கியிருக்கலாம். சித்திரக்காலி, மணல்வாரி, காடைக்கழுத்தன், பூம்பாளை என்பனவும் நெல்லின் பெயர்களே. இவற்றை இன்று கடைகளில் காண்பது அரிது. ஆயினும் இவை அனைத்தும் முக்கூடற்பள்ளு என்னும் நூலில் இடம்பெற்றுள்ளன.

பள்ளு என்பது உழவரின் வாழ்வைப் பாடும் சிற்றிலக்கிய வகை. திருநெல்வேலிக்கு அருகில், தாமிரபரணியுடன் வேறு ஆறுகள் வந்து கூடும் இடமே முக்கூடல்; இன்று அப்பகுதியைச் சீவலப்பேரி என்கிறோம். மலையில் மழை பொழிந்து ஆற்றில் வெள்ளம் வருவதும், உழவும், நடவும், அறுவடையும் அந்நூலில் விரிவாகப் பாடப்பட்டுள்ளன. எருதுகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. கொம்புகள் கூடி நிற்பது கூடுகொம்பன். சிவந்த புள்ளிகளை உடையது செம்மறையன். பண்ணைக்காரன் உழவனைத் தொழுமரத்தில் மாட்டித் தண்டிப்பதையும் நூல் மறைக்கவில்லை. வயலின் வளத்தோடு உழைத்தவரின் துன்பமும் பதிவாகியிருப்பதே அந்நூலின் தனிமதிப்பு என்பேன். இயற்றிய புலவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் பாடிய எருதுகளின் பெயர்கள் கிடைத்திருக்கின்றன!

இத்தகைய நூல்கள் பனையோலையில் எழுதப்பட்டவை. ஓலையைக் கறையான் அரிக்கும். ஈரம் பட்டால் அது மட்கும். ஆகவே, பழைய ஏடு நைந்து போவதற்குள் எவரேனும் புதிய ஓலையில் எழுத்தாணியால் படி எடுக்க வேண்டும். ஒரு தலைமுறை அதனை மறந்தால் நூலே அழிந்துவிடும். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டவர்களும் இருந்தனர் என்பதை உ. வே. சாமிநாதையர் வருத்தத்துடன் குறித்துள்ளார்.

இன்று சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் தஞ்சாவூர்ச் சரசுவதி மகால் நூலகமும் பல்லாயிரம் சுவடிகளைக் காத்து வருகின்றன. சுவடியின் தூசியை நீக்கி, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவர். பூச்சி அண்டாது, ஓலையும் முறியாது. எழுத்து மங்கியிருந்தால் கரியைப் பூசித் துடைப்பர். எழுத்தாணி கீறிய பள்ளத்தில் கருமை தங்கி, எழுத்துத் தெளிவாகத் தெரியும்.

ஏடு நெல்லின் பெயரைக் காக்கும். நெல்லையோ வயலில்தான் காக்க இயலும். திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில், 'நெல்' ஜெயராமன் நூற்றுக்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளைத் தேடி மீட்டார். அங்கு 2006 முதல் நடைபெற்ற நெல் திருவிழாவில் 2 கிலோ விதை பெற்றுச் செல்லும் உழவர், அதனைப் பயிரிட்டு, மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவது வழக்கமாயிற்று.