எத்தனை மின்கலம் வேண்டும்?



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு சிறு பெருக்கலிலும் வகுத்தலிலும் ஏமாந்த செய்தியை இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. என் தமக்கையார் நுரையீரல் நோயால் வருந்துபவர். காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துத் தரும் கருவி ஒன்று இரவெல்லாம் அவர் அருகே ஓடவேண்டும். அதற்கு 300 வாட் தேவை. வீட்டில் இன்வெர்ட்டர் ஒன்றும், 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று முகப்பில் பொறித்த ஈய அமில மின்கலம் ஒன்றும் இருந்தன. பன்னிரண்டை நூற்றைம்பதால் பெருக்கினேன், 1,800 வாட்-மணி. முந்நூறால் வகுத்தேன், ஆறு மணி நேரம். பகல் முழுதும் வாடகை ஜெனரேட்டரில் மின்கலத்தை நிரப்பி, இரவு பத்து மணிக்குக் கருவியை இயக்கிவிட்டு, “நான்கு மணி வரையில் கவலை இல்லை” என்று எல்லோருக்கும் தைரியம் சொல்லிப் படுத்தேன்.

ஒரு மணிக்குத் தமக்கையாரின் மகன் என்னை எழுப்பினான். “மாமா, மிஷின் நின்றுவிட்டது” என்றான். விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு, எதிர்வீட்டுக்காரரின் வேனில் அவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அவர் பிழைத்தார். என் கணக்குத்தான் பிழைக்கவில்லை.

வேன் வரும்வரை காத்திருந்தபோது, பதற்றத்தில் இன்வெர்ட்டரை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். கருவி சில நிமிடங்கள் ஓடிப் பின் நின்றது. காலியாகிவிட்ட மின்கலத்தில் அந்தச் சில நிமிட மின்சாரம் எங்கிருந்து வந்தது? விடை இந்தக் கேள்விக்குள்ளேதான் இருக்கிறது.

மின்கலம் குடத்துத் தண்ணீரைப் போன்றதன்று. குடத்தை மெல்லச் சாய்த்தாலும் வேகமாகச் சாய்த்தாலும் அதே அளவு நீர்தான் வரும். மின்கலத்திலோ ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கூடி வேதிவினை புரிகின்றன. வேகமாக மின்சாரத்தை இழுத்தால், தகட்டின் நுண்துளைகளில் இருக்கும் அமிலம் வலுவிழந்துவிடுகிறது. வெளியிலுள்ள அமிலம் உள்ளே ஊறி வருவதற்குள் வோல்ட் அளவு தாழ்ந்து இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது. சற்று ஓய்வு கொடுத்தால் அமிலம் ஊறுகிறது. மீண்டும் கொஞ்சம் உயிர் வருகிறது. வேகம் கூடக்கூடக் கிடைப்பது குறையும் என்பதை ஜெர்மானியரான பாய்கெர்ட் 1897இல் ஒரு சூத்திரமாகவே அமைத்தார்.

வீட்டு இன்வெர்ட்டர் மின்கலத்தின் 150 என்பது பெரும்பாலும் இருபது மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. அதாவது 7½ ஆம்பியர் வீதம். நான் இழுத்ததோ, இன்வெர்ட்டர் விழுங்குவதையும் சேர்த்து, ஏறத்தாழ 30 ஆம்பியர். அந்த வேகத்தில் புதிய மின்கலமே நான்கு மணி நேரத்தைத் தொடுவது அரிது. என்னுடையதற்கு வயது நான்கு. மூன்று மணி நேரம் உழைத்ததற்கு அதை நான் பாராட்டியிருக்க வேண்டும்!

இன்னொன்று. எங்கள் தஞ்சைப் பக்கத்தில் குதிர் நெல்லை அடிவரை வழித்து உண்ணமாட்டார்கள், விதைநெல் எஞ்சவேண்டும். ஈய அமில மின்கலமும் அப்படியே. அடிக்கடி முழுவதும் வற்றவிட்டால், தகடுகளில் படியும் ஈய சல்பேட் இறுகிப்போய், பின்னர் நிரப்பினாலும் நிரம்பாது. பாதியோடு நிறுத்துபவனுக்கு அது பல ஆண்டுகள் உழைக்கும்.

இனிக் கணக்கைத் திருத்திப் போடுவோம். முதலில் மின்கலத்தைப் பார்க்கக்கூடாது, தேவையைப் பார்க்கவேண்டும். இரவு பத்து மணி நேரத்துக்கு 300 வாட் என்றால் 3,000 வாட்-மணி. இன்வெர்ட்டர் நூற்றுக்கு எண்பத்தைந்தே தரும் என்று கொண்டால் 3,530 ஆகிறது. பாதியை மட்டும் எடுப்பதானால் 7,060. மூப்பினால் திறன் ஐந்தில் நான்கு பங்காகச் சுருங்கும் நாளையும் எண்ணினால் ஏறத்தாழ 8,800. இதை 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணிப் பெட்டி ஒன்றின் 2,400ஆல் வகுத்தால் நான்கு பெட்டிகள்! இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த இரு வரிசைகளையும் பக்க இணைப்பாகச் சேர்த்தால், 24 வோல்ட், 400 ஆம்பியர்-மணி. இவ்வளவு பெரிய தொகுதியிலிருந்து எடுக்கும்போது வேகமும் மிதமாகிவிடுவதால், பாய்கெர்ட் சொன்ன இழப்பு இங்கே பெரிதாகத் தலைகாட்டாது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தில் பத்தில் ஒன்பது பங்கை அச்சமின்றி எடுக்கலாம். அதனால் இதே வேலைக்கு 5,000 வாட்-மணி அளவே போதும். விலைதான் என்னைத் தயங்கவைத்தது.

எடுத்ததைத் திரும்ப நிரப்பவும் வழி வேண்டும். நிரப்பும்போதும் ஒரு பங்கு வீணாவதால், நாள்தோறும் 4,400 வாட்-மணி வரையில் தேவை. நம் நாட்டு வெயிலில் 1,000 வாட் சூரியத் தகடுகள் நல்ல நாளில் அதைத் தந்துவிடும். மழைமூட்டத்தில் தாரா. ஆகவே ஜெனரேட்டரை நான் அடியோடு கைவிடவில்லை.

பழைய மின்கலத்தைப் புதியவற்றோடு சேர்த்துக்கொள்ளலாமே என்றான் தமக்கையாரின் மகன். நான் மறுத்தேன். நோஞ்சான் மாடு ஒன்றை நுகத்தில் பூட்டினால் நல்ல மாடும் கெடும்.

இப்பொழுது நான்கு பெட்டிகளும் காற்றோட்டமான பின் திண்ணையில், வெயில் படாமல் இருக்கின்றன. வெப்பம் அவற்றின் ஆயுளைத் தின்றுவிடும். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் ஓரிரவு, தமக்கையாருக்கு மாற்று உருளையை அருகில் வைத்துக்கொண்டு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கடிகாரத்தோடு உட்காருகிறேன். சென்ற முறை விடியும்வரை கருவி நிற்கவில்லை, நான்தான் உறங்கிவிட்டேன்.