பாலிகார்பனேட்: கூரைக்கு ஆகும், கோமியத்துக்கு ஆகாது

நம் மாதக் கூட்டங்களில் அடிக்கடி வருகிற கேள்விகள் இரண்டு. சோலார் உலர்த்திக்குப் பாலிகார்பனேட் தகடு போடலாமா என்பது ஒன்று. பழைய 20 லிட்டர் தண்ணீர் கேனில் கோமியம், பஞ்சகவ்யம் ஊற்றி வைக்கலாமா என்பது இன்னொன்று. இரண்டும் பெரும்பாலும் ஒரே பொருளைப் பற்றிய கேள்விதான். ஆனால் பதில் வேறு வேறு. ஏன் என்று புரிய, இந்தப் பொருள் எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் பார்க்கணும். வேதியியல் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நானும் வங்கியில் வட்டிக் கணக்குப் போட்டவன்தான், எனக்கே புரிந்தது உங்களுக்கா புரியாது?

எல்லாம் கச்சா எண்ணெயில் தொடங்குகிறது. அதிலிருந்து வரும் பொருள்களைக் கொண்டு பீனால், அசிட்டோன் இரண்டையும் செய்கிறார்கள். அசிட்டோன் என்பது நகப்பூச்சு அழிக்கிற திரவம். இரண்டு பங்கு பீனாலும் ஒரு பங்கு அசிட்டோனும் சேர்ந்தால் பிஸ்பீனால் ஏ என்ற வெள்ளைத் தூள் கிடைக்கும். சுருக்கமாக பிபிஏ. இதைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் கரைத்து, மெத்திலீன் குளோரைடு என்ற கரைப்பானையும் ஊற்றி, பாஸ்ஜீன் வாயுவைச் செலுத்துவார்கள். எண்ணெயும் தண்ணீரும் மாதிரி ஒட்டாமல் நிற்கும் இரண்டு திரவங்களும் சந்திக்கிற எல்லையில் பிபிஏவும் பாஸ்ஜீனும் கைகோத்து நீண்ட சங்கிலியாகின்றன. அந்தச் சங்கிலிதான் பாலிகார்பனேட். அதைக் கழுவி, உலர்த்தி, குருணையாக்கி, பிறகு உருக்கித் தகடாகவோ கேனாகவோ வார்க்கிறார்கள்.

பாஸ்ஜீன் என்ற பெயரை நம் மாதிரி ஆட்கள் மறக்கக் கூடாது. முதல் உலகப் போரில் பல்லாயிரம் பேரைக் கொன்ற விஷவாயு அது. அறுத்துப்போட்ட வைக்கோல் வாசம் அடிக்கும் என்பார்கள். போபாலில் 1984-ல் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட்டைச் செய்யவும் இதே பாஸ்ஜீன்தான் பயன்பட்டது. செவின் என்ற பூச்சிக்கொல்லிக்காகத்தான் அந்த ஆலை ஓடியது. நாம் விட்டொழித்த பூச்சிமருந்தும் நாம் கூரைக்குப் போடுகிற தகடும் ஒரு வகையில் பங்காளிகள். பாஸ்ஜீன் இல்லாமலும் இதைச் செய்ய வழி இருக்கிறது. கரியமில வாயுவை மூலப்பொருளாகக் கொண்ட ஆலை 2002-லிருந்து தைவானில் ஓடுகிறது. ஆனால் அந்த வழியிலும் பிபிஏ உண்டு.

1953-ல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல் இதைக் கண்டுபிடித்தார். சில நாள் இடைவெளியில் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் தனியாகக் கண்டுபிடித்தார். சுத்தியலால் அடித்தாலும் உடையாது, கண்ணாடி மாதிரி ஒளி விடும், எடை கண்ணாடியில் பாதிதான். அதனால் ஹெல்மெட் முகமூடி, கார் முகப்பு விளக்கு, மூக்குக் கண்ணாடி, சிடி என்று எங்கும் புகுந்துவிட்டது. நிலாவில் இறங்கியவர்கள் தலையில் மாட்டியிருந்த குமிழும் இதுதான்.

இதன் பலவீனம் மூன்று. ஒன்று, வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகி நொறுங்கும். ஆகவே நல்ல தகட்டில் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய பாதுகாப்பு அடுக்கு வைத்து வார்க்கிறார்கள். அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்கணும். ஒட்டியிருக்கும் படலத்திலேயே எந்தப் பக்கம் என்று அச்சடித்திருக்கும். படலத்தை உரிப்பதற்கு முன்னாலேயே மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள், உரித்துவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த அடுக்கே இல்லாத தகடும் சந்தையில் மலிவாக வருகிறது. எழுத்தில் உத்தரவாதம் கேளுங்கள். விலையை உத்தரவாத ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தால் எது மலிவு என்று தெரிந்துவிடும். தேய்மானக் கணக்கு வேறொன்றும் இல்லை.

இரண்டாவது, சூட்டில் நன்றாக நீளும். ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.065 மில்லிமீட்டர். சின்னதாகத் தெரியும். 6 மீட்டர் தகடு விடிகாலை 20 டிகிரியிலிருந்து மதியம் 60 டிகிரிக்குப் போனால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நீளும். திருகைவிடத் துளை பெரிதாக இருக்கணும், ரப்பர் வாஷர் போடணும், முறுக்கி இறுக்கக் கூடாது. இரட்டைச் சுவர் தகடு என்றால் உள்ளே இருக்கும் குழல்கள் கூரைச் சரிவோடு மேலிருந்து கீழாக ஓடணும். மேல்முனையை அலுமினிய நாடாவால் அடைத்துவிடுங்கள். கீழ்முனைக்குக் காற்று போகும் நாடா. இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் கோத்து பாசி பிடிக்கும், எறும்பு குடியேறும்.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். காரம் பட்டால் இந்தச் சங்கிலி அறுந்து திரும்பப் பிபிஏ வெளியே வரும். 1998-ல் அமெரிக்காவில் பெட்ரீஷியா ஹன்ட் என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில் பெண் எலிகளின் கருமுட்டைகள் திடீரென்று கோளாறாகத் தெரிந்தன. தேடிப் போனால், பாலிகார்பனேட் கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் யாரோ தரை கழுவுகிற காரச் சோப்பால் கழுவியிருந்தார்கள். பிபிஏ பெண் ஹார்மோன் மாதிரி வேலை செய்யும் என்பது 1936-லேயே தெரிந்த விஷயம். ஐரோப்பாவில் 2011-ல் பால்புட்டிகளில் தடை, பிறகு இங்கேயும் வந்தது. 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒரு மனிதர் தினமும் தாங்கக்கூடிய அளவை முந்தையதில் 20,000-ல் ஒரு பங்காகக் குறைத்தது. அமெரிக்க அரசுத் துறை அந்த அளவுக்குப் போகவில்லை. என் கட்சி ஐரோப்பாவின் கட்சி.

இப்போது கோமியத்தை நினையுங்கள். புளிக்கப் புளிக்க அமோனியா கிளம்பும். அமோனியா காரம். மூடி வைத்த கேனில், வெயிலில், மாதக்கணக்கில் ஊறினால் என்ன ஆகும்? கேன் மங்கி, வெடிப்பு விழும். கரைந்தது எல்லாம் உங்கள் கீரைப்பாத்திக்குத்தான் போகும். சுண்ணாம்புத் தண்ணீர், சோடா உப்பு, சாம்பல் கரைசல் எதுவும் இதில் வேண்டாம். மண்பானையோ, எச்டிபிஈ டிரம்மோ போதும். கேனின் அடியில் 7 என்றோ பிசி என்றோ இருந்தால் பாலிகார்பனேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 1 என்றால் பெட், அது வேறு. குடிதண்ணீர்க் கேன் எதுவானாலும் வெயிலில் போடாதீர்கள். தொட்டியடியில் ஈரத்துணி சுற்றிய பானை இருக்கும்போது கேன் எதற்கு என்பது என் வீட்டுக்காரம்மாவின் கட்சி.

மாட்டுக் கொட்டகையில் வெளிச்சத்துக்காக இந்தத் தகடு போடுகிறவர்களும் இதைக் கவனிக்கணும். கொட்டகை காற்றோட்டமாக இருந்தால் பிரச்சினை இல்லை. கோழிக்கொட்டகை மாதிரி அடைத்த இடம் என்றால் வேண்டாம்.

உலர்த்திக்கு மட்டும் தாராளமாகப் போடலாம். பாலிதீன் தாளைவிட வெப்பத்தை நன்றாகப் பிடித்து வைக்கும், காற்றுக்குக் கிழியாது. விளைபொருள் தகட்டைத் தொடுவதில்லை. முருங்கை இலையும் கொப்பரையும் ஈரத்தை விடும்போது தகட்டின் அடியில் வேர்த்துச் சொட்டும். அது தட்டில் விழாதபடி சரிவு வைத்து, மேலே ஒரு காற்றுப்போக்கி வைத்துவிடுங்கள்.

தூசி படிந்தால் தண்ணீரை ஊற்றி, மெல்லிய சோப்பும் பருத்தித் துணியும் போதும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். கோடைச் சூடு தணிக்க மொட்டைமாடிக்கு அடிக்கிற மாதிரி இதன்மேல் சுண்ணாம்பு அடிக்காதீர்கள், பச்சை வலை விரியுங்கள்.