இணைப்புக்கு எடை போடும் இயந்திரம்

கூகுளில் 'காஞ்சிபுரம் பட்டு' என்று தட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவுகள் வரிசைகட்டி நிற்கின்றன. அந்தச் சொற்கள் உள்ள பக்கங்கள் இணையத்தில் எண்ணி மாளாது. கடைகளின் பக்கங்கள், பத்திரிகைக் கட்டுரைகள், அரசுத் துறையின் பக்கங்கள், யாரோ ஒருவர் தன் கல்யாணப் புடவையைப் பற்றி எழுதியது என்று எல்லாவற்றிலும் அதே சொற்கள்தான். இவற்றில் எதை முதலில் காட்டுவது, எதை ஐந்தாம் பக்கத்துக்குத் தள்ளுவது? இதைத் தீர்மானிக்கும் இயந்திரம் பிறந்ததே, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைக் கைகாட்டும் இணைப்பை வைத்துத்தான். பேச்சில் அதை லிங்க் என்கிறோம். வெளித்தளங்களிலிருந்து நமக்கு வருவது பேக்லிங்க். சொந்தமாக இணையதளம் வைத்திருக்கும் சிறு வியாபாரிகளுக்கு, "நூற்றுக்கணக்கில் பேக்லிங்க் போட்டுத் தருகிறோம், கூகுளில் முதலிடம் நிச்சயம்" என்று மின்னஞ்சல் வந்தபடியே இருக்கிறது. காசை எடுத்து நீட்டுவதற்கு முன், அந்த இயந்திரம் இணைப்பை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

1995இல் அல்டாவிஸ்டா வெளிவந்த காலத்தில் தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்துக்குள் இருக்கும் சொற்களையே நம்பின. ஒரு சொல் எத்தனை முறை வருகிறது, தலைப்பில் இருக்கிறதா என்று பார்த்து வரிசைப்படுத்தின. விற்பனையாளர்கள் இதைப் புரிந்துகொள்ள அதிக நாள் ஆகவில்லை. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைத்தார்கள். படிப்பவர் கண்ணுக்கு அது தெரியாது, இயந்திரத்துக்குத் தெரியும். ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை அப்படியே நம்பியதால் வந்த வினை அது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1996இல் 'பேக்ரப்' என்ற, பின்னாளில் கூகுளாக மாறிய தேடுபொறியை உருவாக்கினார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதை விட, மற்றவர்கள் அதைப் பற்றிச் சொல்வதைக் கேட்போம் என்பதே அதன் அடிப்படை. அறிவியல் உலகில் இது பழைய பழக்கம். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தொகுத்துத் தரும் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு 1960களிலேயே கொண்டுவந்துவிட்டார். அந்த மேற்கோளின் இடத்தில் இணைப்பை வைத்ததுதான் ஸ்டான்ஃபோர்டில் நடந்தது. 'பேஜ்ரேங்க்' என்று பெயர் பெற்ற அந்த முறையை விளக்கும் கட்டுரையில் இருவரோடு டெர்ரி வினோகிராட், ஜம்முவில் பிறந்த ராஜீவ் மோத்வானி ஆகிய பேராசிரியர்களும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் கணினி அறிவியலாளர் ஜான் கிளைன்பெர்க்கும், பின்னாளில் சீனத் தேடுபொறியான பைடுவைத் தொடங்கிய ராபின் லீயும் தனித்தனியாக இதே திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். காலம் கனிந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பேஜ்ரேங்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். மூன்று பக்கங்கள் மட்டுமே உள்ள குட்டி இணையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலாவது ஒரு நூலகத்தின் பக்கம், இரண்டாவது ஓர் ஆசிரியரின் பக்கம், மூன்றாவது கல்வெட்டுகள் பற்றிய பக்கம். நூலகம் மற்ற இரண்டுக்கும் இணைப்புத் தருகிறது. ஆசிரியர் கல்வெட்டுப் பக்கத்துக்குத் தருகிறார். கல்வெட்டுப் பக்கம் நூலகத்துக்கு மட்டும் தருகிறது. மொத்தம் 100 மதிப்பெண். ஒவ்வொரு பக்கமும் தன்னிடம் உள்ளதைத் தான் தரும் இணைப்புகளுக்குச் சமமாகப் பங்கிட்டு அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆளுக்கு ஏறத்தாழ 33 என்று தொடங்கி இந்தப் பங்கீட்டைத் திரும்பத் திரும்பச் செய்தால் எண்கள் ஏறி இறங்கி, கடைசியில் ஓரிடத்தில் நிலைத்துவிடும்: நூலகம் 40, ஆசிரியர் 20, கல்வெட்டு 40. சரிபார்க்கலாம். நூலகம் தன் 40ஐ இரண்டாகப் பிரித்து ஆளுக்கு 20 தருகிறது. ஆசிரியருக்கு வந்தது அந்த 20 மட்டுமே. அவர் அதை அப்படியே கல்வெட்டுப் பக்கத்துக்கு அனுப்ப, அங்கே 20உம் 20உம் சேர்ந்து 40. அது முழுவதும் நூலகத்துக்குத் திரும்புகிறது.

இந்தச் சின்னக் கணக்கில் ஒன்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நூலகத்துக்கு வந்தது ஒரே ஓர் இணைப்பு, ஆசிரியருக்கும் ஒன்றுதான். ஆனாலும் ஒருவருக்கு 40, மற்றவருக்கு 20. கல்வெட்டுப் பக்கத்துக்கு இரண்டு இணைப்புகள் வந்தும் அது நூலகத்தைத் தாண்டவில்லை. தருகிறவருக்கு எவ்வளவு எடை, அதை அவர் எத்தனை பேருக்குப் பிரிக்கிறார் என்பதைப் பொறுத்தே வாங்குகிறவரின் மதிப்பு அமைகிறது. நூறு பேக்லிங்க், ஆயிரம் பேக்லிங்க் என்று எண்ணிக்கையைக் காட்டி விற்பவர்களின் பேச்சு பொய்த்துப்போகும் இடம் இதுதான்.

உண்மையான சூத்திரத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. இணையத்தில் உலவுகிறவர் எப்போதும் இணைப்பைப் பிடித்துக்கொண்டே போவதில்லை, சில சமயம் சலித்துப்போய் வேறெங்காவது தாவிவிடுவார். ஆகவே 85 விழுக்காடு இணைப்பு வழியாகவும், 15 விழுக்காடு ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவுவதாகவும் கணக்கிட்டார்கள். நம் குட்டி இணையத்தில் இதைச் சேர்த்தால் எண்கள் ஏறத்தாழ 39, 21, 40 என்று மாறும். அவர்களுடைய ஆய்வில் 32 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளை வைத்துச் செய்தபோதும் சுமார் 52 சுற்றுகளில் எண்கள் நிலைத்துவிட்டன. இவ்வளவு எளிய விதியிலிருந்து இணையம் முழுமைக்கும் ஒரு மதிப்பு வரிசை கிடைத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

இணைப்பில் எடையோடு ஒரு சொல்லும் பயணிக்கிறது. நாம் அழுத்தும் அந்த நீல எழுத்துத் தொடரை ஆங்கர் டெக்ஸ்ட் என்பார்கள். ஒரு பக்கத்தைப் பற்றி அந்தப் பக்கமே சொல்வதை விட, அதைச் சுட்டுகிறவர் எழுதும் இந்தச் சில சொற்கள் பல நேரங்களில் துல்லியமாக இருக்கும் என்று பேஜும் பிரின்னும் கண்டார்கள். இதற்கும் குறும்பர்கள் முளைத்தார்கள். 2003இல் பலர் கூடிப் பேசி, 'படுதோல்வி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் அதிகாரபூர்வ வாழ்க்கைக் குறிப்புக்கு இணைப்பாக்கினார்கள். அந்தத் தொடரைத் தேடினால் முதலில் அவர் வந்து நின்றார். அவருடைய பக்கத்தில் அந்தச் சொற்கள் இல்லவே இல்லை. 2007 தொடக்கத்தில்தான் கூகுள் இதைச் சரிசெய்தது.

குறும்பு போகட்டும், வியாபாரம் இதைவிடப் பெரியது. உலாவியில் பொருத்தும் கூகுளின் கருவிப்பட்டை ஒவ்வொரு பக்கத்துக்கும் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் காட்டியது. எண் தெரிந்ததும் விலை பிறந்தது. உயர்ந்த எண் உள்ள தளங்களில் இணைப்பு விற்கும் சந்தை உருவானது. அந்த எண்ணைப் பொதுமக்கள் கண்ணிலிருந்து கூகுள் முழுதாக மறைத்தது 2016இல்தான்.

அந்தச் சந்தை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஜே.சி. பென்னி விவகாரம் போதும். அமெரிக்காவின் பெரிய பல்பொருள் அங்காடிகளில் ஒன்று அது. 2010இன் பண்டிகைக் காலத்தில் உடைகள், படுக்கை விரிப்புகள், தரைவிரிப்புகள் என்று எதைத் தேடினாலும் கூகுளில் அந்தக் கடையே முதலில் நின்றது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஒரு வல்லுநரிடம் கொடுத்து ஆராயச் சொன்னது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் அந்தக் கடைக்கு இணைப்புகள் செருகப்பட்டிருந்தன. சூதாட்டத் தளம், பல்கேரியாவில் சொத்து விற்கும் தளம், அணுப் பொறியியல் பெயர் தாங்கிய தளம் என்று உடைக்கும் துணிக்கும் ஒட்டும் உறவும் இல்லாத இடங்கள் அவற்றில் இருந்தன. 2011 பிப்ரவரியில் கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒரு பயணப்பெட்டி வகைக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த கடை, இரண்டே மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போனது. தங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொன்ன நிறுவனம், தேடல் பணிக்கு அமர்த்தியிருந்த ஒப்பந்தக்காரரை நீக்கியது. வேலையைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டோம் என்பது தண்டனையைக் குறைக்காது. தேடலில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் எஸ்.இ.ஓ. வேலையை வெளியாளிடம் தருகிற ஒவ்வொருவரும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு கூகுள் தன் சொந்த உலாவியான குரோமின் பக்கத்தையே தரவரிசையில் கீழே இறக்கியது. விளம்பரத்துக்காகக் காசு கொடுத்து எழுதவைத்த பதிவு ஒன்றில், விளம்பரம் என்று இயந்திரத்துக்குச் சொல்லாத இணைப்பு இருந்ததுதான் காரணம். அதே 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற மாற்றம் வந்தது. மனிதர் பார்த்துத் தண்டிப்பதோடு நிற்காமல், செயற்கை இணைப்புகளை நிரலே கண்டுபிடிக்கத் தொடங்கியது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3 விழுக்காடு இதனால் மாறியது. பல ஆண்டுகளாக இணைப்பு வாங்கிக் குவித்த தளங்கள் ஒரே வாரத்தில் வாசகர்களை இழந்தன. 2016இலிருந்து பெங்குவின் கூகுளின் மூல நிரலிலேயே கலந்துவிட்டது. இப்போது மோசமான இணைப்புகளைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. கொடுத்த காசு வீண், அவ்வளவுதான். அளவு மீறினால் மனிதர் பார்த்துத் தரும் தண்டனை இன்னும் இருக்கிறது.

காசு கொடுத்து இணைப்பு வாங்குவது குற்றமா என்று கேட்பவர்கள் உண்டு. விளம்பரம் செய்வதில் தவறில்லை. அந்த இணைப்பின் நிரலில் 'ஸ்பான்சர்டு' என்றோ 'நோஃபாலோ' என்றோ ஒரு குறிப்பைச் சேர்த்துவிட்டால் போதும், வாசகர் அதை அழுத்தி வரலாம், இயந்திரம் பொதுவாக அதைச் சான்றாக எண்ணாது. நோஃபாலோ 2005இல், பின்னூட்டப் பெட்டிகளில் இணைப்புக் குப்பை கொட்டியவர்களைத் தடுக்க வந்தது. விக்கிப்பீடியாவின் வெளி இணைப்புகளும் 2007 முதல் இந்தக் குறிப்போடுதான் இருக்கின்றன.

அப்படியானால் தரமான இணைப்பு எது? கிருஷ்ண பரத் என்ற பெயரை இங்கே சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், பின்னர் கூகுள் நியூஸை உருவாக்கியவர். அவரும் ஜார்ஜ் மிஹைலாவும் உருவாக்கிய 'ஹில்டாப்' என்ற முறை, ஒரு துறையில் தேர்ந்த பக்கங்களைக் கண்டுபிடித்து, அவற்றில் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை எதைச் சுட்டுகின்றன என்று பார்த்தது. வரன் பார்க்கும்போது மாப்பிள்ளையின் சித்தப்பாவும் மாமாவும் "தங்கமான பையன்" என்று பத்துத் தடவை சொன்னாலும் நாம் தலையாட்டிவிட்டு, அவர் வேலை பார்க்கும் இடத்தில் தனியாக விசாரிப்போம் அல்லவா, அந்த விசாரணைதான் இது. ஒரே ஆள் இருபது தளங்களைத் தொடங்கி ஒன்றை ஒன்று சுட்டவைத்தால் அதற்கு மதிப்பில்லாமல் போவது இதனால்தான். துறை நெருக்கமும், பக்கத்தில் இருக்கும் இடமும் பார்க்கப்படுகின்றன. கட்டுரையின் நடுவில், படித்துக்கொண்டே வருகிறவர் அழுத்தக்கூடிய இடத்தில் இருக்கும் இணைப்பும், பக்கத்தின் அடியில் ஐம்பது பெயர்களோடு கிடக்கும் இணைப்பும் ஒன்றல்ல.

நம் காஞ்சிபுரத்துக்கு வருவோம். பட்டு நெய்து தாங்களே விற்கும் ஒரு குடும்பம் தளம் வைத்திருக்கிறது என்று கொள்வோம். விலைப்பட்டியல் பக்கத்துக்கு யாரும் இணைப்புத் தர மாட்டார்கள். தருவதற்கு ஒரு காரணமும் இல்லை. அதே குடும்பம் கோர்வை நெசவைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் கதை மாறும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் தனித்தனி நாடாவில் ஓடி, நெய்யும்போதே ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் இடத்தைத் தறியிலிருந்தே படமெடுத்துப் போட வேண்டும். புடவையின் உட்புறத்தைத் திருப்பி, கோத்த இடம் எப்படித் தெரியும் என்று காட்ட வேண்டும். ஒரு புடவைக்கு எத்தனை நாள், எத்தனை கை உழைப்பு என்று அவர்கள் அனுபவத்திலிருந்தே சொல்ல வேண்டும். ஆடை வடிவமைப்புக் கல்லூரி ஆசிரியர், கைத்தறி பற்றி எழுதும் பத்திரிகையாளர், போலிப் பட்டைப் பற்றி எச்சரிக்கும் நுகர்வோர் அமைப்பு, இவர்களுக்கெல்லாம் சுட்டிக்காட்ட ஒரு பக்கம் தேவைப்படுகிறது. அந்தத் தேவையை நிறைவேற்றுவதுதான் இணைப்புக் கட்டும் வேலையின் பெரும்பகுதி என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழில் இதற்கு நல்ல சான்று மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய முயற்சி. தமிழ் இலக்கிய நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறார்கள். தளத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. ஆனாலும் சங்க இலக்கியத்தைப் பற்றி எழுதுகிறவர் மூலநூலுக்கு இணைப்புத் தர நினைத்தால் கை தானாக அங்கே போகிறது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவைக்கும் நூலகம் தளமும் அப்படித்தான்.

நல்ல பக்கத்தை எழுதிவிட்டுச் சும்மா இருந்தாலும் நடக்காது, உரியவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும். இதில் நேர்மையான வழி ஒன்று உடைந்த இணைப்புகளைத் தேடுவது. கைத்தறி பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பக்கங்களில், அழுத்தினால் எங்கும் போகாத இணைப்புகள் கிடக்கும். அந்தப் பக்கத்தின் பொறுப்பாளருக்கு, "ஐயா, உங்கள் கைத்தறிப் பக்கத்தில் கோர்வை பற்றிய மூன்றாவது இணைப்பு இப்போது திறப்பதில்லை. நாங்கள் மூன்று தலைமுறையாக நெய்கிறோம். அதே விஷயத்தைப் படங்களோடு எழுதியிருக்கிறோம், பொருத்தமாக இருந்தால் பாருங்கள்" என்று நான்கு வரி எழுதலாம். பலர் பதில் போட மாட்டார்கள். போடுகிற ஒருவர் ஓர் அருங்காட்சியகத்தின் பக்கத்தை நடத்துகிறவராக இருந்தால், விலைக்கு வாங்கும் நூறு இணைப்புகளை விட அது மேல்.

வந்த எடையை வீட்டுக்குள் பங்கிடும் வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. கோர்வைப் பக்கத்துக்கு அருங்காட்சியகம் தந்த மதிப்பு, மூன்று பக்கக் கணக்கில் பார்த்தபடி, அந்தப் பக்கம் எதைச் சுட்டுகிறதோ அங்கே ஓடும். கட்டுரையின் நடுவில், 'எங்கள் தறியில் நெய்த கோர்வைப் புடவைகள்' என்ற சொற்களில் விற்பனைப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு வைத்தால், யாரும் சுட்டாத அந்த விலைப்பட்டியலுக்கும் ஒரு பங்கு போய்ச் சேரும். அதற்கு யாருக்கும் கடிதம் எழுத வேண்டாம், காசும் வேண்டாம்.