தண்டவாளம் போன தடத்தில் சைக்கிள்

அட்ரியாட்டிக் கடலோர இஸ்திரியா தீபகற்பத்தில், ஆஸ்திரியா-ஹங்கேரியின் ஆட்சியில் 1902இல் திறக்கப்பட்டு, இத்தாலியின் ஆட்சியில் 1935இல் மூடப்பட்ட பாரென்சானா ரயில்பாதை, தண்டவாள இடைவெளி 760 மில்லிமீட்டரே கொண்ட குறுகிய பாதையாக, இன்றைய இத்தாலியின் திரியெஸ்தேயிலிருந்து இன்றைய ஸ்லோவேனியா வழியாக இன்றைய குரோஷியாவின் பொரேச் வரை ஏறத்தாழ 123 கிலோமீட்டர் நீண்டிருந்தது. இன்று அத்தடம் சைக்கிள் பாதையாகியுள்ளது. குரோஷியப் பகுதியில் பெரும்பாலும் மோட்டார் வாகனங்களற்ற சரளைத் தடமே என்பதால், அகன்ற டயர்களும் வளைந்த கைப்பிடியும் கொண்ட ‘கிராவல்’ சைக்கிள் அதற்கு மிகவும் பொருந்தும்.

நீராவி எஞ்சின்கள் செங்குத்தான மேடுகளில் ஏற இயலாதவை. ஆதலால் பொறியாளர்கள் குன்றுகளைச் சுற்றி வளைத்தும், சுரங்கம் குடைந்தும், பள்ளங்களின் குறுக்கே கற்பாலங்கள் எழுப்பியும் சரிவைக் குறைத்தனர். அவ்வரிய உழைப்பின் பயனை இன்று மிதிப்போரின் கால்கள் நுகர்கின்றன. வழியில், மிர்னா பள்ளத்தாக்கின் மேல், ஒருகாலத்தில் வெனிஸ் குடியரசு ஆண்ட, மதில் சூழ்ந்த மொத்தோவுன் என்னும் குன்றூரைக் காணாமல் கடப்பது பேரிழப்பாகும். சுரங்கங்களைக் கடக்க விளக்கு அவசியம்.