மேப்பில் அடர் பச்சையாக இருக்கும் நாட்டில் உங்கள் சேமிப்பும் அதிகமாகுமா?



இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப் குரூப்பிலோ இந்த மாதிரி மேப்பை நீங்களும் பார்த்திருப்பீங்க. மேற்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் அடர் பச்சை, இந்தியா வெளிர் சிவப்பு, மேலே "எந்த நாட்டில் வருமானம் எவ்வளவு" என்று ஒரு தலைப்பு. கீழே கமெண்ட்டில் ஒருத்தர், "நாம இங்க உட்கார்ந்து என்ன பண்றோம்?" என்று கேட்டிருப்பார்.

அதைப் பார்த்துட்டு ரெண்டு பெரிய முடிவுகளை எடுக்கிறவங்க இருக்காங்க. ஒன்று, வேலையை விட்டுட்டு வெளிநாடு போறது. இன்னொன்று, "அங்கெல்லாம் எல்லாரும் சொந்த வீட்டில் இருக்காங்க" என்று நினைத்து 20 வருஷ ஹோம் லோனில் கையெழுத்துப் போடுறது. ரெண்டுமே லட்சக்கணக்கில் பணம் சம்பந்தப்பட்டது. அதனால் இந்த மேப்களை எப்படிப் படிக்கணும் என்று ஒரு தடவை நிதானமாகப் பார்த்துடலாம்.

1. பரப்பளவு வேற, மக்கள் வேற

நாம பள்ளிக்கூடத்தில் பார்த்துப் பழகிய உலக வரைபடங்களில் பல, 1569-ல் மெர்கேட்டர் கப்பல் பயணத்துக்காக வரைந்த முறையில் வந்தவை. அந்த முறையில் துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாடுகள் பெரிதாகத் தெரியும். கிரீன்லாந்து கிட்டத்தட்ட ஆப்பிரிக்கா அளவுக்கு இருக்கும். நிஜத்தில் ஆப்பிரிக்கா அதைவிடச் சுமார் 14 மடங்கு பெரியது. இந்தியாவே கிரீன்லாந்தைவிட ஒன்றரை மடங்கு பெரியது.

இன்னொரு பக்கம், தலைக்கு 80,000 டாலருக்கு மேல் ஜிடிபி இருக்கும் சிங்கப்பூர் அதே மேப்பில் ஒரு புள்ளி கூட இல்லை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் பச்சைக்கும், அங்கே எத்தனை பேர் வாழ்றாங்க என்பதற்கும் சம்பந்தமே இல்லை. இதை மனசில் வைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போவோம்.

2. தனிநபர் ஜிடிபி என்பது உங்க சம்பளம் இல்லை

ஜிடிபி மேப்பில் அயர்லாந்து ரொம்ப அடர்த்தியாக இருக்கும். தலைக்கு 1,00,000 டாலருக்கு மேல். ஆனால் அதில் கணிசமான பங்கு, வரி குறைவு என்பதற்காக அங்கே கணக்கு வைத்திருக்கும் பன்னாட்டு நிறுவனங்களின் லாபம். 2015-ல் அந்த நாட்டு ஜிடிபி ஒரே வருஷத்தில் சுமார் 26% வளர்ந்ததாகக் கணக்கு வந்தது. அந்த வருஷம் டப்ளினில் வேலை பார்த்தவர் சம்பளம் 26% ஏறவில்லை. அதனால்தான் அயர்லாந்தின் புள்ளியியல் அலுவலகமே, அந்த லாபக் கணக்குகளைக் கழித்துவிட்டு வேறொரு வருமான அளவையும் வெளியிடுது.

லக்சம்பர்க் கதை இன்னும் எளிது. அங்கே வேலை பார்ப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து தினமும் எல்லை தாண்டி வந்து போறவங்க. அவங்க உழைப்பு ஜிடிபியில் சேரும். வகுக்கும்போது மக்கள்தொகையில் அவங்க சேர மாட்டாங்க. மேலே எண் பெரிது, கீழே எண் சிறிது. விடை தானாக வீங்கிடும்.

3. சராசரியா, நடுவில் இருப்பவரா?

பத்துப் பேர் இருக்கும் அறைக்குள் ஒரு கோடீஸ்வரர் நுழைந்தால் அறையின் சராசரிச் சொத்து கோடியில் போகும். மற்ற பத்துப் பேர் பாக்கெட்டில் ஒரு ரூபாய் கூட ஏறியிருக்காது. அமெரிக்காவில் வயது வந்தவரின் சராசரிச் சொத்து 5 லட்சம் டாலருக்கு மேல். ஆனால் எல்லாரையும் சொத்து வரிசையில் நிற்க வைத்து நட்ட நடுவில் இருப்பவரைக் கேட்டால், அவர் கையில் இருப்பது அதில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். இதை 'மீடியன்' என்பாங்க. மேப்பின் மூலையில் எந்தச் சொல் எழுதியிருக்கு என்று பாருங்க. ரெண்டும் எழுதவில்லை என்றால் பெரும்பாலும் அது சராசரி.

4. சொந்த வீடு மேப்: இங்கேதான் எல்லாம் தலைகீழாகும்

ஐரோப்பாவில் சொந்த வீட்டில் வாழ்பவர்கள் எத்தனை சதவீதம் என்று ஒரு மேப் போட்டால், நாம எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக வரும். ருமேனியாவில் 90%-க்கு மேல். ஜெர்மனியில் சுமார் பாதிப் பேர் வாடகை வீட்டில். சுவிட்சர்லாந்தில் சொந்த வீட்டில் இருப்பவர்கள் 45%-க்கும் குறைவு. பணக்கார நாட்டில் வாடகை, அதைவிட ஏழை நாட்டில் சொந்த வீடு!

காரணம் வரலாற்றில் இருக்கு. ருமேனியா போன்ற முன்னாள் சோஷலிச நாடுகளில் 1990-களின் தொடக்கத்தில், அரசுக் குடியிருப்புகளை அங்கே குடியிருந்தவர்களுக்கே மலிவு விலைக்கு விற்றாங்க. ஒரு தலைமுறையே பெரிய லோன் இல்லாமல் வீட்டுக்காரர்கள் ஆனது. ஜெர்மனியில் போருக்குப் பிறகு வாடகை வீடுகள் ஏராளமாகக் கட்டப்பட்டன. குடியிருப்பவரை நினைத்தபோது காலி செய்யச் சொல்ல முடியாத சட்டமும் இருக்கு. வாடகைக்கு இருப்பது அங்கே தலைகுனிவு இல்லை.

இதில் இன்னொரு ட்விஸ்ட் இருக்கு. 2013-ல் ஐரோப்பிய மத்திய வங்கி, யூரோ நாடுகளின் குடும்பச் சொத்துக் கணக்கெடுப்பை வெளியிட்டது. நடுவில் இருக்கும் ஜெர்மன் குடும்பத்தின் நிகரச் சொத்து சுமார் 51,000 யூரோ. ஸ்பெயினில் அதுவே சுமார் 1,83,000 யூரோ. சம்பளத்தில் முந்தி நிற்கும் ஜெர்மனி சொத்தில் பட்டியலின் கடைசியில்! முக்கியக் காரணம் வீடு. ஸ்பெயின் குடும்பத்தின் சொத்துக் கணக்கில் வீட்டின் விலை சேருது. ஜெர்மன் குடும்பத்துக்கு வயதான காலத்துக்கு அரசு ஓய்வூதிய உரிமை இருக்கு, ஆனால் அது அந்தக் கணக்கெடுப்பில் சொத்தாகச் சேராது.

பண்பாடும் இதில் கலந்திருக்கு. பின்லாந்தில் பிள்ளைகள் சராசரியாக 21, 22 வயதில் பெற்றோர் வீட்டை விட்டுத் தனியாகப் போயிடுறாங்க. குரோஷியாவில் அது 30-ஐத் தாண்டும். பிள்ளை தனிக்குடித்தனம் போனால், கையில் சொத்தில்லாத ஒரு புதுக் குடும்பம் கணக்கில் கூடும். அம்மா அப்பாவோடு இருந்தால் கூடாது. "குடும்பம்" என்ற சொல்லுக்கே நாட்டுக்கு நாடு அர்த்தம் மாறும்போது, மேப்பின் நிறமும் மாறத்தான் செய்யும்.

ஆகவே, "உலகமே சொந்த வீட்டில் இருக்கு, நீ மட்டும் வாடகையில் இருக்கே" என்று யாராவது சொன்னால் பதறாதீங்க. உங்க ஊரில் வாடகை எவ்வளவு, இஎம்ஐ எவ்வளவு, அதே ஊரில் எத்தனை வருஷம் இருக்கப் போறீங்க? இந்த மூன்று கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவெடுங்க.

5. ஆஃபர் லெட்டரை எப்படி ஒப்பிடுவது?

ஒரு உதாரணம் போடுவோம். திருமணமாகாதவர். சென்னையில் வருஷச் சம்பளம் 18 லட்சம். ஜெர்மனியில் 60,000 யூரோ ஆஃபர். யூரோ 90 ரூபாய் என்று வைத்தால் 54 லட்சம். மூணு மடங்கு! வீட்டில் ஸ்வீட் பாக்ஸ் வாங்கியாச்சு.

இப்போ வாங்கும் சக்தியைப் பார்ப்போம். உலக வங்கி, ஒரே மாதிரிப் பொருட்களுக்கு ஒவ்வொரு நாட்டிலும் என்ன விலை என்று ஒப்பிட்டு 'பிபிபி' என்ற விகிதத்தைக் கணக்கிடுது. அதன்படி ஜெர்மனியில் 1 யூரோவுக்குக் கிடைப்பது, இந்தியாவில் சுமார் 30 ரூபாய்க்குக் கிடைக்கும். 60,000-ஐ 30-ஆல் பெருக்கினால் 18 லட்சம். அதே வாழ்க்கைதானா என்றால், அதுவும் முழு உண்மை இல்லை. ஏனென்றால் செலவு செய்யும் பணத்துக்குத்தான் பிபிபி. ஊருக்கு அனுப்பும் சேமிப்புக்கு பேங்க் ரேட்தான். இந்த வித்தியாசத்தைத்தான் நிறைய பேர் கவனிப்பதில்லை.

ஆகவே சேமிப்பு வரைக்கும் போய்ப் பார்க்கணும்:

- ஜெர்மனி: வரியும் சமூகப் பாதுகாப்புப் பிடித்தமும் போகக் கைக்கு வருவது சுமார் 38,000 யூரோ. வாழ்க்கைச் செலவு 26,000 என்று வைப்போம். மீதி 12,000 யூரோ, அதாவது 10.8 லட்சம்.
- சென்னை: 2025-26 புதிய வரி முறையில், 75,000 நிலையான கழிவு போக, வரி 1,50,800 ரூபாய். மாதச் செலவு 60,000 என்றால் வருஷத்துக்கு 7.2 லட்சம். மீதி சுமார் 9.3 லட்சம் (பிஎஃப் உங்க பணம் என்பதால் சேமிப்பிலேயே வைத்திருக்கேன்).

மூணு மடங்கு என்று தெரிந்தது, சேமிப்பில் ஒன்றரை லட்சம் வித்தியாசமாகச் சுருங்கிடுச்சு. செலவு எண்கள் நான் வைத்தவை, உங்க எண்களைப் போட்டால் விடை மாறும். அப்புறம், ஜெர்மனியில் பிடித்த பணத்தில் மருத்துவக் காப்பீடு, வேலை போனால் கிடைக்கும் உதவி, ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் அடக்கம். சென்னையில் அதற்கெல்லாம் நீங்களே தனியாக ஏற்பாடு செய்யணும். துபாயில் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை, ஆனால் அங்கே உங்களுக்கு அரசு ஓய்வூதியமும் இல்லை.

6. சட்டத்தின் மேப், வாழ்க்கையின் மேப்

சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு மேப்பில் இந்தியா அடர் பச்சை. 2017 முதல் 26 வாரம். அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான சம்பள விடுப்புச் சட்டமே இல்லை. பெருமைதான். ஆனால் நம்ம சட்டம் பெரும்பாலும் 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களுக்குத்தான். முறைசாரா வேலையில் இருக்கும் பெண்களில் பெரும்பாலானோருக்கு அந்தப் பச்சை எட்டவில்லை. சட்டம் யாரைத் தொடுது என்பதையும் கேட்கணும்.

அடுத்த மேப் வரும்போது கேட்க வேண்டியவை

1. இது மொத்தமா, தலைக்கா? சராசரியா, மீடியனா?
2. டாலரா, பிபிபியா?
3. வரிக்கு முன்பா, பின்பா? அந்த வரிக்கு என்ன திரும்பக் கிடைக்குது?
4. எந்த வருஷத்துக் கணக்கு?
5. இந்த மேப்பில் என் வயது, என் வேலை, என் குடும்பப் பொறுப்பு எங்கே இருக்கு?

ஐந்தாவது கேள்விக்கு எந்த மேப்பிலும் பதில் இருக்காது. அதை நீங்கதான் எக்செல்லில் போடணும். வெளிநாடு போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை அனுபவம், காற்று, பொதுப் போக்குவரத்து, வார இறுதி நிம்மதி, இதெல்லாம் ரூபாயில் வராத நல்ல காரணங்கள். அந்தக் காரணத்துக்காகப் போனால் சந்தோஷமாகப் போங்க. சேமிப்புக்காக மட்டும் போறீங்க என்றால், டிக்கெட் போடும் முன் மேலே உள்ள கணக்கை உங்க எண்களோடு ஒரு தடவை போட்டுடுங்க.

உங்க கையில் இப்போ ஆஃபர் இருந்தால், நாட்டையும் சம்பளத்தையும் மட்டும் கமெண்ட்டில் எழுதுங்க (கம்பெனி பெயர் வேண்டாம்). அதிகம் பேர் கேட்கும் நாட்டை எடுத்து, அடுத்த வீடியோவில் கணக்கைப் போட்டுக் காட்டுறேன்.