அடி அண்ணாமலை: அன்றும் இன்றும்

திருவண்ணாமலை என்றதும் பலருக்கு நினைவில் எழுவது மலையின் கிழக்குப் பக்கம்தான்: 217 அடி ராஜகோபுரம், தேரோடும் வீதி, தீபத் திருவிழாக் கூட்டம். அதே மலையின் மேற்கு அடிவாரத்தில், கிரிவலப் பாதையில் வருண லிங்கத்தைத் தாண்டியதும் வருகிறது அடி அண்ணாமலை. சூரியனை 2,600 அடிக்கு மேல் உயர்ந்த மலை மறைத்து நிற்பதால் இங்கே காலை வெயில் தாமதமாகத்தான் விழும். ஆதி அருணாசலேஸ்வரர் குடிகொண்ட ஊர் இது. மாணிக்கவாசகருக்கும் இங்கே கோயில் உண்டு. அவர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்பது மரபு.

அன்று இது வானம் பார்த்த பூமி. பக்கத்தில் வற்றாத ஆறு கிடையாது. தென்பெண்ணை தொலைவில் ஓடுகிறது. ஊரை வாழவைத்தது மலைதான். பாறை மலை என்பதால் பெய்த மழை மேலே தங்காமல் ஓடைகளாக இறங்கும். அந்த நீரை அடிவாரத்தில் ஏரியும் குளமும் பிடித்து வைத்தன. ஏரி நிரம்பினால் கிணறு ஊறும், நெல் நடலாம். நிரம்பாவிட்டால் மல்லாட்டையும் கேழ்வரகும்தான். பாதையோரத் தீர்த்தங்களும் அந்த மழைநீரை நம்பியவையே.

கிரிவலமும் அந்த நீரை ஒட்டியே நடந்தது. 1896-இல் திருவண்ணாமலைக்கு வந்த ரமண மகரிஷி, 1926 வரை அன்பர்களோடு மலையைச் சுற்றி வந்தார். 14 கிலோமீட்டர்தான் என்றாலும் சில சமயம் நாள்கணக்கில் ஆகும். குளக்கரையிலும் மண்டபத்திலும் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, மெல்ல நடப்பார்கள்.

1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகரானது. அதன்பின் பௌர்ணமி கிரிவலம் பெருகப் பெருக அடி அண்ணாமலையும் மாறியது. தார்ச்சாலையும் தெருவிளக்கும் வந்தன. விளைநிலங்கள் வீட்டுமனைகளாயின, ஆசிரமங்களும் விடுதிகளும் எழுந்தன. மானாவாரி நிலத்தை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களுக்கு டீக்கடை, ஆட்டோ, வாடகை என்று வருமானம் கிடைத்தது. மழை பொய்த்த ஆண்டிலும் அடுப்பு எரிகிறது என்றால் அது சிறிய மாற்றமல்ல. அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இழந்தது நீரின் வழியை. மனை பிரிக்கும்போது முதலில் மறைவது ஓடையும் வரத்துக்கால்வாயும்தான். கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடையைப் புதிதாக வருபவர் வெற்றுநிலம் என்றே நினைக்கிறார். பெருமழை பெய்யும் நாளில்தான் அது யாருடைய வழி என்று தெரிகிறது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலையின் நகரத்துப் பக்கம் மண் சரிந்தது. வ.உ.சி. நகரில் குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். மலையடிவாரத்தில் எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்ற கேள்வியை இனித் தள்ளிப்போட முடியாது.

இந்த மலையே நமக்கு ஒரு நம்பிக்கையும் தருகிறது. விறகு வெட்டு, மேய்ச்சல், கோடைத் தீ ஆகியவற்றால் 1980களில் மலைச்சரிவுகள் மொட்டையாகக் கிடந்தன. உள்ளூர் மக்களும் தன்னார்வலர்களும் வனத்துறையும் ஆண்டுக்கு ஆண்டு கன்று நட்டார்கள், தீத்தடுப்புக் கோடு வெட்டினார்கள், தீப்பிடித்த இரவுகளில் மலையேறி அணைத்தார்கள். இன்று அந்தச் சரிவுகளில் பல இடங்களில் பச்சை திரும்பியிருக்கிறது. மலைமேல் மரத்தை மீட்ட கைகளால் அடிவாரத்தில் நீர்வழியையும் மீட்க முடியும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒவ்வோர் ஓடையையும் கால்வாயையும் அளந்து கல் நட வேண்டும். அந்த எல்லைக்குள் எந்த மனைக்கும் அனுமதி தரக்கூடாது. மழைக்கு முன்பே குளங்களைத் தூர்வார வேண்டும். கிரிவலம் வரும் நாமும் தண்ணீர் பாட்டிலையும் பிரசாதத் தொன்னையையும் குளத்தில் எறியாமல் இருக்க வேண்டும். அண்ணாமலையாரை மலையாகவே வணங்குகிறோம். அப்படியானால் அந்த மலையிலிருந்து இறங்கும் நீருக்கு வழிவிடுவதும் நம் வழிபாட்டில் சேர்ந்ததே.